நண்டின் பெயரால்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிவந்த தொடர்கதையில் ஒரு டாக்டர் வந்தார். கதாநாயகியின் தாயாருக்குக் கான்ஸர். அவளைப் பார்ப்பதற்காகப் பட்டணத்திலிருந்து வரவழைக்கப்படும் நிபுணர் அவர். 'கான்ஸர் டாக்டர்' என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கொஞ்சம் மிடுக்காக இருக்கட்டுமே என்று 'பிரபல கார்ஸினாலஜிஸ்ட்' என்று எழுதிவைத்தேன். கார்ஸினோமா என்றால் கான்ஸர்; ஆகவே கார்ஸினாலஜிஸ்ட் என்றால் கான்ஸர் நிபுணர். என் தர்க்கம் எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

அடுத்த வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. எழுதியவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பொடி எழுத்தில், கார்டின் ஓரம் வரைக்கும் எழுதியிருந்தார். "ஐயா, தங்கள் கதையில் வரும் கார்ஸினாலஜிஸ்ட் அந்த அம்மாளைக் காப்பாற்றமாட்டார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் நண்டு, இறால் வகையறாதான். என் நண்பர்களில் இரண்டு பேர் அந்தத் தொழிலில் இருந்தவர்கள். அவர்களிடம் நோயாளியை அனுப்பினால் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்."

எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அகராதியைப் புரட்டினேன். அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை. கார்ஸினாலஜி என்பது நண்டு, இறால் இனத்து ஜந்துக்களை ஆராயும் சாஸ்திரம். கான்ஸரை ஆராயும் சாஸ்திரத்துக்கு ஆங்காலஜி என்று வேறு பெயர். ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு சொற்களில் ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, இன்னொன்று கடற்கரைக்குப் போயிருக்கிறது. இந்தக் குடும்பத்தின் கதை என்ன என்று பார்த்துவிடுவதென்று உட்கார்ந்தேன். தொடர்கதை அடுத்த இரண்டு வாரமும் சுமாராகத்தான் இருந்தது.

கிரேக்க பாஷையில் 'கார்கினோஸ்' என்றால் நண்டு. லத்தீனில் அதே பிராணிக்கு 'கான்கெர்' என்று பெயர். பின்னால் வந்தவர்கள் நாக்கில் அது கான்ஸர் ஆயிற்று. சமஸ்கிருதத்தில் 'கர்கட'. இந்த மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது மொழிநூல்காரர்கள் முடிவு. நம் பஞ்சாங்கத்தில் இருக்கிற கற்கடகமும், கடக ராசியும் அந்தக் 'கர்கட'விலிருந்து வந்தவைதாம்.

கிறிஸ்துவுக்கு நானூறு வருஷம் முந்தி, ஹிப்போக்கிரட்டீஸ் காலத்து வைத்தியர்கள் ஆறாத புண்ணுக்கும் கெட்டித்துப் பரவும் கட்டிக்கும் இந்த நண்டின் பெயரை இட்டார்கள். கார்கினோஸ், கார்கினோமா என்று இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறார்கள். ஏன் நண்டு? அவர்கள் காரணம் சொல்லிவைக்கவில்லை. ஐந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து வந்த காலன் என்ற வைத்தியர்தான் விளக்கம் கொடுத்தார். மார்பில் வரும் கட்டியைச் சுற்றி ரத்தக் குழாய்கள் புடைத்து இரு புறமும் நீண்டிருப்பது, நண்டின் உடலும் கால்களும்போல் இருக்கிறதாம். கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவைச் சேர்ந்த பால் என்ற வைத்தியர் இன்னொரு காரணமும் காதில் விழுந்ததாகச் சொல்கிறார்: பிடித்த இடத்தை நண்டு விடுவதில்லை, இந்த நோயும் விடுவதில்லை. முதல் காரணம் கண்ணால் பார்த்தவனுடையது, இரண்டாவது, பயந்தவனுடையது. உலகம் இரண்டாவதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்பது என் அபிப்பிராயம்.

ஹிப்போக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் வைத்திய சூத்திரங்களில் ஒன்று, உள்ளே மறைந்திருக்கும் கார்கினோஸைத் தொடாமல் விடுவதே நல்லது என்ற கருத்துடையது. தொட்டால் சீக்கிரம் சாவு, விட்டால் கொஞ்ச நாளாவது ஓடும். அந்தக் காலத்துக் கத்திக்கும் காய்ச்சிய இரும்புக்கும் அது நியாயமான யோசனைதான். ஆனால் கத்தி மாறிய பிறகும் அந்த யோசனை மாறாமல் ஜனங்கள் மனசில் தங்கிவிட்டது.

இந்தப் பெயர் பிறப்பதற்கும் முன்னால் நடந்த ஒரு சம்பவத்தை ஹிரோடோட்டஸ் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பாரசீகச் சக்கரவர்த்தி தாரியஸின் பட்ட மகிஷி அதோஸா. உலகத்தையே கட்டி ஆண்ட சைரஸின் மகள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி கிளம்பியது. சிறிதாக இருந்தவரையில் வெட்கப்பட்டு ஒருவரிடமும் சொல்லாமல் மறைத்தாள். கட்டி உடைந்து புண் பரவிய பிறகுதான் வைத்தியனைக் கூப்பிட்டாள். அவன் பெயர் டெமோஸீடிஸ்; இத்தாலிக் கரையில் இருந்த குரோட்டன் என்ற கிரேக்க நகரத்தவன். அடிமையாகப் பிடிபட்டு வந்தவன், தாரியஸின் சுளுக்கிய கணுக்காலைச் சரிப்படுத்தியதால் அரண்மனையில் பெரிய மனிதனாகிவிட்டான். எல்லாம் இருந்தது, ஊருக்குப் போக அனுமதி மட்டும் இல்லை. அவன் அதோஸாவிடம், "குணப்படுத்துகிறேன், பதிலுக்கு நான் கேட்கும் ஒன்றைச் செய்ய வேண்டும்" என்று வாக்கு வாங்கிக்கொண்டான். குணப்படுத்தியும் விட்டான். அவள் வாக்குத் தவறவில்லை. கிரேக்க நாட்டுப் பெண்கள் தனக்குப் பணிப்பெண்களாக வேண்டும் என்று புருஷனிடம் கொஞ்சி, கிரீஸின் மேல் அவன் நாட்டத்தைத் திருப்பினாள். வேவு பார்க்கப் பதினைந்து பாரசீகர்களைத் தாரியஸ் அனுப்பினான். வழிகாட்டி டெமோஸீடிஸ். இத்தாலிக் கரை வந்ததும் அவன் நழுவிக் குரோட்டன் போய்ச் சேர்ந்துவிட்டான். மில்லோ என்ற பெரிய மல்லனின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு ஊரோடு தங்கிவிட்டான்.

அது கான்ஸர்தானா? இவ்வளவு சுலபமாகக் குணமாகியிருந்தால் இராது என்கிறவர்கள் இருக்கிறார்கள். ஹிரோடோட்டஸும் நண்டின் பெயரைச் சொல்லவில்லை; வெறும் கட்டி என்றுதான் சொல்கிறார். எனக்கு அந்தக் கதையில் யுத்தமும் இல்லை, வைத்தியமும் இல்லை. சைரஸின் மகள், தாரியஸின் மனைவி, வெட்கப்பட்டு மறைத்தாள் என்கிற அந்த ஓர் இடம்தான்.

சொற்களுக்குத் திரும்புகிறேன். லத்தீன் கான்கெர் ஐரோப்பாவில் ஊர் ஊராக அலைந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வாயில் 'ஷாங்க்ர்' ஆகி, மேக நோயில் தோன்றும் முதல் புண்ணுக்குப் பெயராயிற்று. இங்கிலாந்தில் ஒரு கிளை 'காங்கர்' என்று செடிகொடிகளின் மேல் ஏறியது. எலுமிச்சங்காயில் சொறி சொறியாக வருகிறதே, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான். அதைப் பரப்புவது ஒரு பாக்டீரியா. கான்ஸருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் கிடையாது. கடற்கரையில் இருந்தவர்கள் அசல் அர்த்தத்தை விடவில்லை. ஐரோப்பாவில் சாப்பிடும் பெரிய நண்டு ஒன்றுக்குச் சாஸ்திரப் பெயரே 'கான்ஸர்'. கரையோரப் பச்சை நண்டுக்குக் 'கார்ஸினஸ்'. 1916-இல் பாரடேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, நண்டல்லாத பல ஜந்துக்கள் தலைமுறை தலைமுறையாக உரு மாறி நண்டு வடிவத்தை அடைவதைக் கவனித்து அதற்குக் 'கார்ஸினைஸேஷன்' என்று பேர் வைத்தார். நண்டாதல். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்டால் பாதி உயிர் போய்விடும். கடலோரத்தில் அது ஒரு வேடிக்கை.

வானத்தில் ஏறிய கிளையும் உண்டு. ஹெர்க்குலீஸ் பல தலை நாகத்தோடு போர் செய்தபோது அவன் காலைக் கடித்து மிதிபட்டுச் செத்த நண்டை ஹீரா தேவி நட்சத்திரமாக்கினாள் என்பது கிரேக்கர் கதை. வடதிசைப் பயணத்தின் எல்லையில் சூரியன் அந்த மண்டலத்தில் நின்ற காலத்தில் பூகோளக்காரர்கள் கடக ரேகை என்று கோடு போட்டார்கள். இன்று அந்த நாளில் சூரியன் நிற்பது ரிஷப நட்சத்திரக் கூட்டத்தில். சூரியன் நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை.

பேராசிரியருக்கு நன்றி சொல்லி எழுதினேன். பதிலுக்கு நாலு பக்கக் கடிதம் வந்தது. அதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. 'ஸாக்குலினா கார்ஸினி' என்று ஒரு பிராணி. கார்ஸினி என்றால் 'நண்டினுடைய'. பிறந்த புதிதில் தண்ணீரில் நீந்தித் திரியும் அணு அளவு ஜந்து. பெண் ஸாக்குலினா பச்சை நண்டின் மேல் ஒட்டி, தன் உடம்பில் மிகச் சிறிய பகுதியை மட்டும் நண்டுக்குள் செலுத்துகிறது. அது உள்ளே வேர் விடுகிறது. கால் நுனி வரைக்கும் நூல் நூலாகப் பரவி, நண்டு உண்பதை இது உறிஞ்சுகிறது. நண்டு சட்டை உரிப்பதை நிறுத்திவிடும். குஞ்சு பொரிக்கும் சக்தியை இழந்துவிடும். கடைசியில், நண்டு தன் முட்டைகளைச் சுமக்கிற அடிவயிற்றில் ஸாக்குலினாவின் பை வெளியே தள்ளும். நண்டு அதைத் தன் முட்டை என்று எண்ணித் துடைத்துச் சுத்தம் செய்து காப்பாற்றும். ஆண் நண்டாக இருந்தாலும் தாய் நண்டுபோல அகன்ற வயிறு உண்டாகி அதே காரியத்தைச் செய்யும். இவ்வளவும் செய்கிற ஸாக்குலினாவும் நண்டுக்குத் தூரத்து உறவுதான், கொட்டலசு இனம்.

நண்டின் பெயரால் மனிதனுக்கு ஒரு நோய். அந்த நோயைப்போலவே நண்டுக்குள் வளரும் ஒரு ஜந்து. அதன் பெயரிலும் நண்டு. கதை எழுதுகிறவன் இப்படிக் கற்பனை செய்தால் விமர்சகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஆங்காலஜிக்கு மூலமான 'ஓங்கோஸ்' நண்டுக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதற்குப் பாரம், பருமன் என்று பொருள். துன்பியல் நாடகத்தில் கிரேக்க நடிகன் போட்டுக்கொண்ட முகமூடியின் மேல் உயர்ந்து நிற்கும் கொண்டைக்கும் அதே பெயர் உண்டு. வீக்கங்களுக்கெல்லாம் பொதுப் பெயராகக் காலன் அதை உபயோகித்தார். நண்டைவிடப் பாரம் எவ்வளவோ தேவலை. பாரத்தை இறக்கி வைக்கலாம்.

மற்ற பாஷைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலோர் நண்டையே பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மன் 'கிரேப்ஸ்', ருஷ்ய 'ராக்', அரபு 'ஸரதான்' எல்லாமே நண்டு இனத்துக்கும் நோய்க்கும் ஒரே சொல். மராத்தியில் கர்க்கரோகம். மலையாளத்தார் சமஸ்கிருத வைத்திய நூல்களில் இருக்கும் அர்புதத்தை எடுத்துக்கொண்டார்கள். சீனர்கள் எழுதும் எழுத்தில் பாறையின் சாயல் இருக்கிறது.

நாம் நண்டையும் எடுக்கவில்லை, பாறையையும் எடுக்கவில்லை, புற்றை எடுத்தோம். வெளியே சின்ன மண்மேடு. உள்ளே எத்தனை அறை, எத்தனை வழி என்று யாருக்கும் தெரியாது. இடித்தால் நாலு நாளில் மறுபடி கிளம்பும். உள்ளே புரையோடிவிட்ட புண்ணை 'புற்று வைத்துவிட்டது' என்று எங்கள் ஊரில் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலன் மேலே தெரிந்த ரத்தக் குழாயைப் பார்த்தார். இவர்கள் உள்ளே போகும் வழியைப் பார்த்தார்கள். சொல்லழகில் என் ஓட்டு புற்றுக்குத்தான். ஆனால் நம்மவர்களுக்குப் புற்று என்றதும் பாம்பு நினைவு வந்துவிடுகிறது. பால் வார்த்துவிட்டுத் தூர நின்று கும்பிடத் தோன்றுகிறதே தவிர, கடப்பாரையை எடுக்கத் தோன்றுவதில்லை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்தவன். அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மார்பில் கட்டி. கண்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியப்பாவுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது. ரவிக்கையில் கறை பட்ட பிறகுதான் பிடிபட்டது. பரிசோதித்த லேடி டாக்டர் கடுமையாகத்தான் கேட்டார்: "ஏன் அம்மா, படித்த குடும்பம்தானே? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

பெரியம்மா அமைதியாகப் பதில் சொன்னாள். "சொன்னால் நீங்கள் அதுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவீர்களே டாக்டர். அந்தப் பெயர் எங்கள் வீட்டு வாசற்படி ஏறினால் என் பேத்தியை யார் பெண் கேட்டு வருவார்கள்?"

டாக்டர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதன்பிறகும் யாரும் பெயரைச் சொல்லவில்லை. 'அந்த வியாதி' என்றுதான் சொன்னோம். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். எழுத்தாளன்!

பெயரைச் சொன்ன ஒருத்தியைப் பிற்காலத்தில் படித்தேன். பான்னி பர்னி என்ற ஆங்கில நாவலாசிரியை. 1778-இல் முதல் நாவலை வெளியிட்டுப் புகழ் அடைந்தவள். பிரெஞ்சுத் தளபதி ஒருவரை மணந்து பாரிஸில் இருந்தபோது அவளுக்கு இந்த நோய் என்று டாக்டர்கள் முடிவு செய்தார்கள். 1811 செப்டம்பர் 30-ஆம் தேதி, வீட்டுக் கூடத்திலேயே ரண சிகிச்சை. நெப்போலியன் படையின் பெரிய ரண வைத்தியர் லாரே கத்தி பிடித்தார். மயக்க மருந்து என்று ஒன்று இல்லாத காலம். ஈதர் மயக்கத்தில் அறுப்பதை உலகத்துக்குக் காட்டியது 1846-இல். அவளுக்குக் கொடுத்தது ஒரு கிண்ணம் மதுக் கஷாயம். கறுப்பு உடை அணிந்த ஏழு பேர் உள்ளே வந்தார்கள். கணவர் பார்க்கக் கூடாதென்று அவரை வெளியே இருக்கும்படி அவளே ஏற்பாடு செய்திருந்தாள். பழைய மெத்தை விரித்த கட்டிலில் படுக்கவைத்து முகத்தின் மேல் ஒரு கைக்குட்டையைப் போட்டார்கள். மெல்லிய துணி, அதன் வழியாகக் கத்தியின் பளபளப்பு தெரிந்தது. இருபது நிமிஷம். அவ்வளவு நேரமும் அவள் அலறியதை அவளே எழுதியிருக்கிறாள். முடிந்து கண்ணைத் திறந்தபோது லாரேயின் முகமும் தன் முகத்தைப்போல் வெளுத்து, ரத்தம் தெறித்து இருந்ததைப் பார்த்தாளாம்.

தமக்கை எஸ்தருக்கு இதையெல்லாம் கடிதமாக எழுதினாள். உடனே அல்ல, மாதக்கணக்கில் கழித்து 1812-இல் விட்டு விட்டு எழுதி முடித்தாள். எழுதியதைத் திருப்பிப் படிக்க அவளால் முடியவில்லை. நாவல்கள் எழுதிக் கை தேர்ந்தவள். இருந்தும் அந்தக் கடிதத்தில் அலங்காரம் எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டும். அதன்பின் அவள் 28 வருஷம் இருந்து 1840-இல் 87-வது வயதில் காலமானாள். அவ்வளவு நாள் இருந்தவளுக்கு வந்தது கான்ஸராகவே இருந்திராது என்று இன்றைய டாக்டர்களில் சிலர் சந்தேகப்படுகிறார்கள். இருக்கலாம். இருபது நிமிஷத்தில் சந்தேகமில்லை.

நண்டின் மேலிருந்த மர்மம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகியது. 1775-இல் லண்டன் டாக்டர் பெர்ஸிவல் பாட், புகைபோக்கி துடைக்கும் பையன்களுக்குப் பிற்காலத்தில் விதைப்பையில் வரும் கான்ஸருக்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். விதியும் கறுப்புப் பித்தமும் அல்ல, கரி! 1838-இல் ஜெர்மனியில் முல்லர் பூதக்கண்ணாடியில் பார்த்து, இதுவும் உயிரணுக்களால் ஆனதே என்று காட்டினார். 1915-இல் ஜப்பானில் யமாகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் தார் தடவித் தடவிக் கான்ஸரை உண்டாக்கிக் காட்டினார்கள். யமாகிவா கவியும்கூட, அந்த வெற்றியை ஒரு ஹைக்கூவாக எழுதிவைத்தார். ரத்தத்தில் வருவதற்கு நண்டும் இல்லை, கால்களும் இல்லை. அதை 1845-இல் 'வெள்ளை ரத்தம்' என்று வர்ணித்த விர்ஷோ, இரண்டு வருஷம் கழித்து அதையே கிரேக்கத்தில் லுக்கீமியா என்றார். இருந்தாலும் ஜனங்கள் அதையும் நண்டின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள்.

சென்னையில் இந்தப் பெயரைத் தைரியமாகப் பலகையில் எழுதி மாட்டியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கை 1923-இல் இந்த நோயால் இறந்தார். அந்தத் துக்கத்தை அவர் முப்பது வருஷம் விடவில்லை. 1952-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் அடையாற்றில் கான்ஸர் இன்ஸ்டிட்யூட் பன்னிரண்டு படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அடுத்த வருஷம் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021-இல் மறையும் வரையில் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

என் பெரியம்மா ரண சிகிச்சைக்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். பேத்தியின் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தினாள். எனக்கு அவளைப் பற்றி ஒரு விஷயம் நினைவு வந்தது, பேராசிரியரின் கார்டு வந்த பிறகுதான். அவளுக்குப் புனர்பூசம் நாலாம் பாதம், கடக ராசி. ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கடகத்துக்கு என்ன போட்டிருக்கான், கொஞ்சம் உரக்கப் படிடா" என்பாள். நானும் படிப்பேன். இரண்டும் ஒரே சொல் என்று அவளுக்கும் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது.

கதை புத்தகமாக வந்தபோது கார்ஸினாலஜிஸ்டை அடித்துவிட்டுக் 'கான்ஸர் டாக்டர்' என்று திருத்தினேன். ஒரு பிரதியைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். இன்னொரு தவறு இருப்பதாக எழுதியிருக்கிறார். நாற்பதாம் பக்கத்தில் வரும் கொக்கு கொக்கே அல்லவாம்.